சிட்டுக்குருவிக்கு விடை

காதலன் பிரிவான், காதலி பாடுவாள், கொட்டகையில் முந்தானைகள் நனையும். திரையில் நாம் பார்த்துப் பழகிய காட்சி இது. பாட்டு முடிந்ததும் நடிகை முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவாள். அப்படிப் போக முடியாத ஒருத்தி பிரான்சு நாட்டில் இருந்தாள். பெயர் எடித் பியாஃப்.

1915 டிசம்பர் 19-இல் பாரிசு நகரில் பிறந்தாள். தந்தை தெருவில் வித்தை காட்டும் கழைக்கூத்தாடி. தாய் பாடிப் பிழைத்தவள். நடைபாதையிலேயே பிறந்தாள் என்றொரு கதை உண்டு; மருத்துவமனை என்கிறது பதிவேடு. எங்கே பிறந்தால் என்ன? வளர்ந்தது பாட்டி நடத்திய விலைமாதர் விடுதியில். பாடக் கற்றது வீதியில். பத்தொன்பது வயதில், பெற்ற பெண் குழந்தையை நோய்க்குப் பறிகொடுத்தாள்.

அந்த 1935-இல்தான் லூயி லெப்ளே என்ற கேளிக்கை விடுதி முதலாளி அவளைத் தெருவிலிருந்து மேடைக்கு அழைத்துப் போனார். ஐந்தடிக்கும் குறைந்த உருவம். எனவே சிட்டுக்குருவி என்று பொருள்படும் பியாஃப் என்ற பெயர். மறு ஆண்டே அவர் கொலையுண்டார். போலீசார் அவளையும் விசாரித்து விட்டுவிட்டனர்.

1946-இல் ஒரு படத்தில் பணிப்பெண்ணாக நடித்தாள். பேசும்படம் வந்ததும் பாடத் தெரியாமல் தவிக்கும் ஊமைப்பட நட்சத்திரத்துக்கு அந்தப் பணிப்பெண் குரலை இரவல் தருகிறாள். முகம் ஒருத்திக்கு, குரல் இன்னொருத்திக்கு! பின்னணிப் பாட்டிலே வளர்ந்த நமக்கு அந்தக் கதை விளங்காதா?

பிறகு வந்தான் மார்செல் செர்தான். 1948-இல் உலகப் பட்டம் வென்ற குத்துச்சண்டை வீரன். மணமானவன், பிள்ளைகள் உள்ளவன், ஊர் தூற்றியது. அவள் அவனுக்காக ஒரு பாட்டு எழுதினாள். மார்கெரித் மொன்னோ இசையமைத்தார். வானம் இடிந்தாலும், சாவே வந்து பிரித்தாலும் காதல் மாளாது என்பது அதன் பொருள். அவன் மாண்ட பின் எழுதிய ஒப்பாரி என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை அதைவிடக் கொடியது. 1949 செப்டம்பரில் நியூயார்க் மேடையில் அவள் அதைப் பாடியபோது அவன் உயிரோடிருந்தான்!

அக்டோபர் 28. அவளைக் காண அவன் ஏறிவந்த விமானம் அசோர்ஸ் தீவில் மலையில் மோதியது. 48 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. கப்பல் வேண்டாம், விமானத்தில் வரட்டும் என்று வற்புறுத்தியவளே அவள்தான் என்பர். அன்றிரவு சீட்டு வாங்கியவர்கள் வந்து காத்திருந்தார்கள். அவள் மேடை ஏறினாள். அவனுக்காகவே பாடுவதாகச் சொல்லிப் பாடினாள். அந்தோ, கற்பனையில் எழுதிய பிரிவு கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரம் அது!

அதற்குப் பின் கார் விபத்துகள், மார்பியா, மது. 1962-இல் தன்னைவிட இருபது ஆண்டு இளையவரான தெயோ சராப்போவை மணந்து, காதலால் என்ன பயன் என்று கேட்டு அவரோடு சேர்ந்து பாடினாள். ஓராண்டும் ஒரு நாளும் கழித்து, 1963 அக்டோபர் 10-இல், 47 வயதில் மறைந்தாள்.

மணவிலக்குப் பெற்று மறுமணம் செய்தவள் என்று அவளுக்கு ஆலய வழிபாட்டை மறுத்தது பாரிசுத் திருச்சபை. சிலுவையைக் கழுத்திலிருந்து கழற்றாதவளுக்கு! கடைக்காரர்களும் தொழிலாளிகளும் தையற்காரிகளும் தெருவை அடைத்துக்கொண்டு நின்றார்கள். பேர் லசேசு இடுகாட்டில் பல்லாயிரவர் கூடி, தடுப்புகளையும் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்தார்கள். 2013 அக்டோபரில், அவள் பிறந்த பெல்வில் பகுதி தேவாலயத்தில் அவளுக்காக வழிபாடு நடந்தது. ஐம்பது ஆண்டு ஆயிற்று, அந்தக் கதவு திறக்க.