மைமோனிடீஸ் என்னும் யூத அறிவர்

இறைவனை வழிபடுவார் நெஞ்சத்தே நிகழும் உணர்வுகளுள் தலையாயவை அன்பும் அச்சமும் ஆம். அன்பு அவனை அணுகச் செய்யும். அச்சம் அவன் திருமுன் அடங்கி நிற்கச் செய்யும். அச்சமின்றி அன்பென ஒன்றைப் பாராட்டுவார் நாளடைவில் இறைவனை எளியனாக எண்ணி ஒழுக்கத்தில் தளர்தலும், அன்பின்றி அச்சமொன்றே உடையார் ஒறுப்புக்கு நடுங்கும் கூலியாட்களாய்க் குறுகுதலும் உலகிற் காணப்படுவனவே. இவ்விரண்டையும் ஒருங்கே கொள்ளுமாறு யாங்ஙனம் என்னும் வினா யூத சமயத்தார்க்குத் தவிர்க்கலாகாத ஒன்றாயிற்று. என்னையெனின், அவர்தம் மறையாகிய தோராவின் ஐந்தாம் நூல் இறைவனிடத்து முழு நெஞ்சோடு அன்பு செய்தலையும், அவனுக்கு அஞ்சுதலையும் ஒருங்கே விதித்தலின் என்க. அன்பினை அஹவா என்றும், அச்சத்தினை யிரா என்றும் எபிரேய மொழியில் வழங்குவர். யிரா என்னும் அவ்வொரு சொல்லே ஒறுப்புக்கு அஞ்சுதலையும், பெருமை நோக்கி ஒடுங்குதலையும் குறிப்பதாகலின், ஆராய்ச்சி பின்னும் அரிதாயிற்று. இவ்வினாவிற்குத் தம் நூல்களானும் வாழ்வானும் விடை கண்ட பெரியார் ஒருவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஸ்பெயின் நாட்டிலே, அரபு மொழிக் கல்விக்குப் பேர்போன கோர்டோவா நகரில் கி. பி. 1138-இல் இவர் பிறந்தனர். 1135 என்பாரும் உளர். இவர்க்கு இட்ட பெயர் மோசே. தந்தையாராகிய மைமோன் யூதர்தம் சமய வழக்குகளைத் தீர்க்கும் நடுவராய் விளங்கியவர். மைமோனின் மைந்தர் என்னும் பொருள்பட மேனாட்டார் இவரை மைமோனிடீஸ் என்று அழைப்பாராயினர். 1148-இல் அல்மொஹத் என்னும் கூட்டத்தார் கோர்டோவாவைக் கைக்கொண்டு, பிற சமயத்தார் தம் சமயத்தைத் துறத்தல் வேண்டும், அன்றேல் உயிரையேனும் நாட்டையேனும் இழத்தல் வேண்டும் என நெருக்கினர். மைமோன் குடும்பத்தார் ஊரை நீத்துப் பல்லாண்டுகள் அலைந்து, 1160-ஐ ஒட்டி மொராக்கோ நாட்டின் பெஸ் நகரத்தை அடைந்தனர்.

ஆண்டும் அந்நெருக்கடியே நிலவிற்று. யூதர் பலர் உயிர்க்கு அஞ்சி வாயளவில் வேற்றுச் சமய உறுதிமொழி கூறி, மறைவில் தம் வழிபாட்டைச் செய்து வந்தனர். அங்ஙனம் கூறியோர் அனைவரும் சமயத்தின் நீங்கினவரே, அவர் மறைவிற் செய்யும் வழிபாடும் பயனற்றதே எனச் சமய அறிஞர் ஒருவர் கடிந்து தீர்ப்புக் கூறினர். மைமோனிடீஸ் அதனை மறுத்துத் திருமுகம் ஒன்று வரைந்தனர். வற்புறுத்தலால் வாய்ச்சொல் சொன்னவர் இறைவனால் கைவிடப்பட்டவர் ஆகார். அவர் செய்யும் சிறு நற்செயலும் வீண்போகாது. ஆயினும் தம் சமயவொழுக்கம் இயலும் நாட்டிற்கு விரைந்து செல்லுதலே அவர் கடன் என்பது அதன் கருத்து. சட்டத்தின் கடுமை ஒன்றையே நோக்கினார் மக்களை நம்பிக்கையிழக்கச் செய்தனர். இவரோ கட்டளையையும் தளர்த்தாது மக்களையும் தள்ளாது வழி கண்டனர்.

1165-இல் குடும்பத்தாரோடு கப்பலேறிப் பாலஸ்தீன் நோக்கிச் சென்றனர். வழியிற் கடும்புயல் எழுந்து கப்பல் மூழ்கும் நிலை எய்தியது. அதனின்று பிழைத்த இவர், புயல் வந்த நாளை ஆண்டுதோறும் நோன்பு நாளாகக் கொண்டு, நடுக்கடலில் இறைவனையன்றி வேறு துணை காணாதவாறு போல அந்நாளில் யாரையும் காணாது தனித்திருப்பதென உறுதி பூண்டனர். அவ்வாண்டே எருசலேம் நகரை அடைந்து வழிபட்ட நாளையும், எப்ரோன் நகரில் தம் முன்னோர் சமாதிகளை வணங்கிய நாளையும் ஆண்டுதோறும் மகிழ்ந்து கொண்டாடும் திருநாட்களாக வகுத்துக் கொண்டனர். அஞ்சி ஒடுங்கும் நாளும் அன்பால் மகிழும் நாளும் இங்ஙனம் இவர்தம் ஆண்டுக் கணக்கில் ஒருங்கே இடம் பெற்றன.

பின்னர் எகிப்து நாட்டிற் கெய்ரோவை அடுத்த புஸ்தாத் நகரிற் குடியேறினர். மிஷ்னா என்னும் பழைய சட்டத் தொகுதிக்கு அலைச்சலின் இடையே எழுதி வந்த அரபு உரையை 1168-இல் முடித்தனர். தோராக் கல்வியைப் பிழைப்புக்குரிய கருவியாக்கிப் பொருள் ஈட்டுதல் மறைக்கு இழுக்கு என அவ்வுரையிற் கடிந்துரைத்த இவர், தாமும் அந்நெறியே நின்றனர். மணி வாணிகஞ் செய்த தம்பியார் தாவீது குடும்பத்தைத் தாங்கி வர, இவர் கல்வியில் அமர்ந்திருந்தனர். அத்தம்பியார் வாணிகத்தின் பொருட்டு இந்தியா நோக்கிச் செங்கடல் வழியே புறப்பட்டு, ஐதாப் துறையினின்று தமையனார்க்கு ஒரு கடிதம் விடுத்தனர். அஃது இன்றும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் உளது. 1169-க்கும் 1177-க்கும் இடைப்பட்ட காலத்தே இந்துமாக்கடலில் அவர் மூழ்கி இறந்தனர். பிறர் பொருளும் அவரோடு அழிந்தது. அவர்தம் மனைவியும் மகளும் தமையனார் பொறுப்பாயினர். மைமோனிடீஸ் ஏறக்குறைய ஓராண்டு நோயுற்றுப் படுத்த படுக்கையாய்க் கிடந்தனர். பல்லாண்டு கழிந்த பின்னும் தம்பியின் கையெழுத்தைக் காணுந்தோறும் நெஞ்சு புரண்டதென்றும், மறைக்கல்வியின் இன்பமே தம்மை அழியாது காத்ததென்றும் நண்பர்க்கு எழுதினர்.

அதன்பின் மருத்துவத்தால் வாழ்க்கை நடாத்திச் சலாதீன் மன்னரின் அமைச்சர் அல்பாதில் என்பார்க்கும், மன்னர் மைந்தர் அல்அப்தலுக்கும் மருத்துவராயினர். அத்துன்பக் காலத்தை ஒட்டியே, யூத சமயச் சட்டம் முழுவதையும் பதினான்கு பகுதிகளாக வகுத்த மிஷ்னே தோரா என்னும் பெருநூல் எழுந்தது. எபிரேய மொழியில் ஏறக்குறைய பத்தாண்டு உழைத்து, 1178-ஐ ஒட்டி அதனை நிறைவு செய்தனர்.

மேற்கூறிய வினாவிற்கு விடை அதன் முதற்பகுதியிலேயே உளது. இறைவனிடத்து அன்பு கொள்ளும் வழி யாதெனின், அவன் படைப்பினை ஆராய்ந்து அதன்கண் விளங்கும் அளவிலா அறிவினைக் காண்டலே என்பர். காண்டலும் உள்ளம் அவனை அறிய வேட்கை மீதூர்ந்து விரையும். அக்காட்சியினையே மீளவும் நினையுங்கால், பேரறிவின் முன் நிற்கும் தான் எத்துணைச் சிறியன், எத்துணைச் சிற்றறிவினன் என உணர்ந்து உள்ளம் பின்வாங்கி ஒடுங்கும். முன்னது அன்பு, பின்னது அச்சம். ஒரு மரத்து இரு கிளைபோல இரண்டும் அறிவு என்னும் ஒரே வேரினின்று தோன்றுதலின், ஒன்று வளர மற்றொன்று தேய்தல் இல்லை. படைப்பினை ஆராயாதார்க்கு இரண்டும் வாயா.

ஒறுப்புக்கு அஞ்சியும் பயன் கருதியும் செய்யும் வழிபாட்டை இவர் உயர்ந்ததாகக் கொண்டிலர். ஆயினும் அதனை இகழ்ந்து தள்ளவும் இல்லை. சிறுவர்க்கும் கல்லாதார்க்கும் முதலில் அவ்வழியே பயிற்றி, அறிவு முதிர முதிர, உண்மையை உண்மையென்பது பற்றியே செய்யும் அன்பு வழிபாட்டிற்குச் சிறிது சிறிதாக உய்த்தல் வேண்டும் என்பர். அன்பின் அளவு அறிவின் அளவே என்பது இவர் துணிபு. அந்நூலின் இரண்டாம் பகுதிக்கு அன்பு என்றே பெயரிட்டனர். பெயர் நோக்கிக் காதற் பெருக்கை எதிர்பார்த்துப் புகுவார் ஆண்டுக் காண்பன காலை மாலை ஓதுதல், வேண்டுதல், உண்ணுமுன் வாழ்த்துதல் முதலிய நாட்கடன்களேயாம். இடையறா நினைவே அன்பினைக் காக்கும் என்பது இதனாற் பெறப்படும்.

1190-ஐ ஒட்டி மாணவர் ஒருவர் பொருட்டு அரபு மொழியில் இயற்றிய மயங்குவோர்க்கு வழிகாட்டி என்னும் நூலின் இறுதியில், மறை விதிக்கும் செயல்களின் பயன் அச்சம் என்றும், மறை உணர்த்தும் மெய்ப்பொருளறிவின் பயன் அன்பு என்றும் இவர் பகுத்தனர். ஆகவே ஞானம் பெற்றேம், இனிச் செயல் எற்றுக்கு என்பார்க்கும், செயலே அமையும், ஞானம் எற்றுக்கு என்பார்க்கும் இவர் நெறியில் இடமில்லை.

இஸ்லாத்தினின்று யூத சமயம் புகுந்த ஒபதியா என்பார், முஸ்லிம்கள் உருவ வழிபாட்டினர் அல்லர் எனத் தம் ஆசிரியரிடம் கூறியதற்காக அறிவிலி என இழிக்கப்பட்டனர். மாணவர் கூறியதே உண்மை என்றும், ஆசிரியரே மன்னிப்பு வேண்டற்பாலர் என்றும் மைமோனிடீஸ் விடை எழுதினர். பெற்றோர்க்கு அஞ்சுதலும் அவரைப் போற்றுதலும் அன்பில்லாதவழியும் நிகழலாம். வந்தடைந்தவரிடத்தோ நெஞ்சார்ந்த அன்பையே மறை விதித்தது என அவர் ஆண்டுக் காட்டினர்.

முதுமையில் ஓய்வு பெற்றாரல்லர். 1199-இல் எழுதிய கடிதத்திற் கண்டபடி, நாடோறும் காலையிற் கெய்ரோ அரண்மனைக்குச் சென்று நண்பகலுக்குப் பின் பசியோடு மீள்வர். வீட்டிலோ யூதரும் முஸ்லிம்களும், செல்வரும் எளியரும், நண்பரும் பகைவருமாய் நோயாளர் நிறைந்திருப்பர். சிறிது பொறுக்குமாறு அவரை வேண்டி, நாள் முழுதிற்கும் உரிய அவ்வொரு வேளை உணவைக் கொண்டு, இரவாகி உரையாட வலியற்றுப் படுத்த நிலையிலும் மருந்து கூறுவர். ஓய்வு நாளிலோ சபையார் வந்து மறை கற்பர்.

1204-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 13-ஆம் நாள் இவர் உலகு நீத்தனர். கல்லறை திபேரியா நகரில் உளதாகப் போற்றப்படுகின்றது. அறிவாராய்ச்சிக்கு இத்துணை இடந்தந்தமை பற்றி இவர் நூல்களைத் தம் சமயத்தாரே சிலர் 1230-ஐ அடுத்த ஆண்டுகளில் விலக்கினர். மைந்தர் ஆபிரகாம் தந்தையார் கொள்கையை நிலைநாட்ட நூல் எழுதினர். விலக்கினோர் அறிவு மிகின் அச்சம் குன்றும் எனக் கருதினர் போலும். பேரறிவினராகிய இப்பெரியாரோ இறுதிகாறும் கட்டளைகளுள் ஒன்றினையும் நெகிழவிடாதே வாழ்ந்தனர்.