டாக்டர் இல்லை... ஆனாலும் ஒரு நோய்க்கு இவர் பேரு!

ஒரு நோய்க்கு யாரோட பேரையாவது வெச்சா, அது பெரும்பாலும் ஒரு டாக்டர் பேராத்தான் இருக்கும். பார்க்கின்சன், அல்சைமர்னு நீங்க கேள்விப்பட்ட பேரெல்லாம் அப்படித்தான். ஆனா, 'ஷோக்ரன்-லார்சன் சிண்ட்ரோம்'ல வர்ற லார்சன், டாக்டர் கிடையாது. ஸ்வீடன்ல இன்ஷூரன்ஸ் துறையில இருந்த புள்ளியியல் நிபுணர்!

டாகே லார்சன் பிறந்தது 1905-ல். பாலிசி எடுக்கும்போது உங்க வயசைக் கேட்டுட்டு பிரீமியம் சொல்றாங்க இல்லையா? அதுக்குப் பின்னாடி இருக்கிற கணக்குதான் இவர் துறை. ஒரு தனி மனுஷன் எப்போ இறப்பார்னு யாராலும் சொல்ல முடியாது. ஆனா, லட்சம் பேரை மொத்தமா எடுத்துக்கிட்டா, அடுத்த வருஷம் சுமாரா எத்தனை பேர் இறப்பாங்கன்னு சொல்லிடலாம்.

இந்தக் கணக்கு, டோர்ஸ்டன் ஷோக்ரன் என்ற மனநல மருத்துவருக்குத் தேவைப்பட்டது. (கண், வாய் வறண்டு போற 'ஷோக்ரன் சிண்ட்ரோம்' இவர் பேர்ல இல்லை, அவர் வேற ஷோக்ரன்.) வடக்கு ஸ்வீடன்ல வெஸ்டர்போட்டன் பகுதியில சில குழந்தைகள் பிறக்கும்போதே வறண்டு, செதில் செதிலா இருக்கிற தோலோட பிறந்தாங்க. வளர வளர கால்கள் விறைச்சு நடக்க முடியலை. அறிவு வளர்ச்சியும் குறைவு. பெத்தவங்களோ நல்ல ஆரோக்கியமா இருந்தாங்க. 'எங்க குழந்தைக்கு மட்டும் ஏன் இப்படி?' - எந்தப் பெத்தவங்களுக்கும் முதல்ல வர்ற கேள்வி இதுதானே?

பதில் தேட ஒரு புதையல் இருந்தது. 1686-ம் வருஷச் சட்டப்படி, ஸ்வீடன் தேவாலயங்கள் பிறப்பு, கல்யாணம், இறப்பு எல்லாத்தையும் எழுதி வெச்சாகணும். அதனால ஒரு குடும்பத்தோட வேரைப் பல தலைமுறை பின்னாடி வரைக்கும் தேடிப் போக முடியும்.

ஆனா, எண்ணுறதுலயே ஒரு பொறி இருக்கு. அப்பா, அம்மா ரெண்டு பேருமே பழுதான ஒரு ஜீனைச் சுமந்தா, ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர 25% வாய்ப்பு. அப்படிப்பட்ட 16 குடும்பங்கள், தலா 2 குழந்தைகள்னு வெச்சுக்கோங்க. சராசரியா 9 குடும்பங்கள்ல எந்தக் குழந்தைக்கும் நோய் இருக்காது. அவங்க ஆஸ்பத்திரிப் பக்கமே வர மாட்டாங்க! மீதி 7 குடும்பங்களை மட்டும் டாக்டர் பார்த்தா, 14 குழந்தைகள்ல 8 பேருக்கு நோய். அதாவது 57%. ஜீன் விதியே தப்போன்னு தோணும். கண்ணுல படாத அந்த 9 குடும்பங்களையும் கணக்குல சேர்த்தாத்தான் உண்மையான 25% கிடைக்கும். இங்கதான் லார்சன் மாதிரி ஒருத்தர் தேவைப்படறார்.

1957-ல் ரெண்டு பேரும் 28 நோயாளிகளைப் பத்தின ஆய்வை வெளியிட்டாங்க. நோய்க்குக் காரணம் ஒரே ஒரு ஜீன்தான், அதுவும் ரெண்டு பக்கத்துல இருந்தும் வந்தாத்தான் நோய். சுமார் 600 வருஷத்துக்கு முன்னாடி வாழ்ந்த ஒரே மூதாதையர்கிட்ட அந்தப் பழுது தொடங்கியிருக்கலாம்னும் ஊகிச்சாங்க. ஆக, பெத்தவங்க செஞ்ச தப்பு எதுவும் இதுல இல்லை.

இந்த ஜோடி அதோட நிக்கலை. பரம்பரையா வர்ற கை நடுக்கம், முதுமையில வர்ற மறதி நோய்னு 1960-கள்லயும் ஊர் ஊரா, குடும்பம் குடும்பமா கணக்கெடுத்தாங்க.

ஷோக்ரன் 1974-ல் இறந்துட்டார். 1996-ல் அந்த ஜீனை விஞ்ஞானிகள் கண்டுபிடிச்சாங்க. அது 17-வது குரோமோசோம்ல இருக்கு. உடம்புல கொழுப்பை உடைக்க உதவுற ஒரு நொதியை உருவாக்குது. ஸ்வீடன் நோயாளிகள்ல பெரும்பாலானவங்ககிட்ட அந்த ஜீன்ல ஒரே மாதிரியான ஓர் எழுத்துப் பிழை இருந்ததும் தெரிய வந்தது. ஒரே மூதாதையர்னு போட்ட கணக்கோட அது அழகா பொருந்திப் போச்சு!

லார்சன் 1998-ல் இறந்தார். அடுத்த தடவை ஏதாவது ஒரு பர்சன்டேஜை நீங்க ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி, இவரை நினைச்சுக்கிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இந்தக் கணக்குல வராம போனவங்க யாரு?