கிரிபித் எவன்ஸ்

கிரிபித் எவன்ஸ் (ஆகஸ்ட் 7, 1835 - டிசம்பர் 7, 1935) வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் ஆவார். பிரித்தானிய இந்தியாவில் படைக் கால்நடை மருத்துவராகப் பணியாற்றிய இவர், குதிரைகளையும் ஒட்டகங்களையும் தாக்கும் சர்ரா நோய்க்கு டிரிப்பனோசோமா என்னும் ஓரணு உயிரியே காரணம் என்பதை 1880 ஆம் ஆண்டில் கண்டறிந்தார். டிரிப்பனோசோமா நோய் உண்டாக்க வல்லது என முதன்முதலில் காட்டியவர் இவரே. அவ்வொட்டுண்ணி இவரது பெயரால் டிரிப்பனோசோமா எவன்சி என்று வழங்கப்படுகிறது.

இளமையும் கல்வியும்

எவன்ஸ் வேல்ஸின் மெரியோனத் பகுதியிலுள்ள டவின் என்னும் ஊரில் பிறந்தார். இலண்டன் அரச கால்நடை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1855 இல் தேர்ச்சி பெற்றார். சில ஆண்டுகள் தனியாக மருத்துவம் பார்த்த பின்னர் அரச பீரங்கிப் படையில் கால்நடை மருத்துவராகச் சேர்ந்தார். 1861 இல் அவரது படைப்பிரிவு கனடாவின் மொன்றியால் நகருக்கு அனுப்பப்பட்டது.

படைப்பணியில் இருந்தபடியே மக்கில் பல்கலைக்கழகத்தில் மனித மருத்துவம் பயின்று 1864 இல் பட்டம் பெற்றார். அக்காலத்தில் குதிரை மருத்துவம் பெரும்பாலும் குளம்பு, கால், புண் ஆகியவற்றைப் பார்ப்பதாகவே கருதப்பட்டது. வெளியில் தெரியாத உள்நோயை ஆராயும் முறைகளை எவன்ஸ் மனித மருத்துவத்திலிருந்து கற்றுக்கொண்டார். நுண்ணோக்கிப் பயிற்சியும் அவற்றுள் ஒன்று. அதே ஆண்டில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த ஐக்கிய அமெரிக்காவுக்குச் சென்று ஆபிரகாம் லிங்கனைச் சந்தித்தார் என்பது அவர் வாழ்க்கையின் சுவையான ஒரு செய்தி.

இந்தியாவில்

1877 இல் எவன்ஸ் இந்தியாவுக்கு வந்தார். படைக்குதிரைகளிடையே பரவியிருந்த அடைப்பான் நோயை முதலில் ஆராய்ந்தார். அந்நோயின் நுண்ணுயிரியைப் பற்றி இராபர்ட் கோக் தமது ஆய்வை வெளியிட்டு ஓராண்டே ஆகியிருந்தது.

1880 இல் தேரா இசுமாயில் கான் மாவட்டத்தில் (தற்போது பாக்கித்தானில் உள்ளது) குதிரைகளும் ஒட்டகங்களும் பெருமளவில் இறந்தன. அங்குள்ள மக்கள் இந்நோயைச் சர்ரா என்று அழைத்தனர். இதனை ஆராயும் பொறுப்பு எவன்சிடம் ஒப்படைக்கப்பட்டது. நோயுற்ற விலங்குக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வரும், குருதி குறையும், காலும் அடிவயிறும் வீங்கும், நன்றாகத் தீனி தின்றுகொண்டே உடல் மெலியும்.

எவன்ஸ் நோயுற்ற குதிரையின் குருதியை நுண்ணோக்கியில் பார்த்தார். குருதிச் சிவப்பணுக்களின் இடையே புழு போல நெளிந்து விரைந்தோடும் உயிரிகள் காணப்பட்டன. அவர் அதோடு நிற்கவில்லை. நோயுற்ற விலங்கின் குருதியை நலமான குதிரைக்கும் நாய்க்கும் தோலின் கீழ்ச் செலுத்தியும் வாய்வழி கொடுத்தும் பார்த்தார். அவற்றுக்கும் நோய் கண்டது. அவற்றின் குருதியிலும் அதே உயிரிகள் தோன்றின.

மறுப்பு

இம்முடிவை இந்தியாவிலிருந்த உயர் மருத்துவ அதிகாரிகள் ஏற்கவில்லை. கல்கத்தாவில் ஆய்வு செய்துவந்த திமொதி இரிச்சர்ட்ஸ் லூயிஸ் (இவரும் வேல்ஸ்காரரே) இதையொத்த உயிரிகளை 1878 இல் எலிகளின் குருதியில் கண்டு விவரித்திருந்தார். அந்த எலிகள் யாவும் நலமாக இருந்தன. எனவே குதிரைகளில் காணப்பட்டவையும் தீங்கற்றவை என்றும், நோய்க்குக் காரணம் வேறு என்றும் கருதப்பட்டது. இவ்வாதத்தை அறியாமை என்று தள்ளிவிட இயலாது. எலியிலுள்ள இனம் எலிக்குத் தீங்கு செய்வதில்லை என்பது உண்மையே. ஆனால் குதிரையில் இருந்தது வேறோர் இனம் என்பது அப்போது விளங்கவில்லை.

1885 இல் பர்மாவில் கோவேறு கழுதைகளுக்கு வந்த நோயை ஆராய்ந்த ஜான் ஹென்றி ஸ்டீல் அதே உயிரியைக் கண்டு, அதற்கு எவன்சின் பெயரைச் சூட்டினார். எனினும் அதைச் சுருளுயிரி எனத் தவறாக வகைப்படுத்தினார். ஆப்பிரிக்காவின் நகானா நோய்க்கும் ஒரு டிரிப்பனோசோமாவே காரணம் என டேவிட் புரூஸ் 1890களின் நடுவில் காட்டிய பின்னரே எவன்சின் முடிவு பரவலாக ஏற்கப்பட்டது. சர்ராவைக் கடிக்கும் ஈக்கள் பரப்புகின்றன என்று இந்திய மக்கள் நம்பிவந்தனர்; எவன்சும் அவ்வாறே ஐயுற்றார். இதை 1901 இல் லெனார்டு ரோஜர்ஸ் சோதனை மூலம் உறுதிப்படுத்தினார்.

நாய்களும் குருதிச் சோதனையும்

சர்ரா நாய்களை மிகக் கடுமையாகத் தாக்கும். முகமும் தொண்டையும் வீங்கும். கண்ணின் கருவிழி வெண்மை படரும். குரல் மாறிவிடுவதால் வெறிநாய் நோய் எனத் தவறாக எண்ணப்படுவதும் உண்டு. இரண்டையும் பிரித்தறிய ஒரு துளிக் குருதி பெரிதும் உதவுகிறது. எவன்ஸ் கையாண்ட வழியில்தான் பிற்காலத்தில் நாய்களின் வேறு குருதி நோய்களும் கண்டறியப்பட்டன. எடுத்துக்காட்டாக, 1910 இல் வால்டர் ஸ்காட் பேட்டன் சென்னை வேட்டைக் கழகத்தின் நாய்களின் குருதியில் பபேசியா கிப்சோனி எனும் ஒட்டுண்ணியைக் கண்டார். பின்னர் அது நரிகளிலும் காணப்பட்டது. இன்று சென்னை வேப்பேரி முதல் தேனி வீரபாண்டி வரையுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளில், காய்ச்சலோடு கொண்டுவரப்படும் வளர்ப்பு நாய்க்குக் குருதிப் பூச்சு எடுத்துப் பார்ப்பது வழக்கமான சோதனையாகும்.

பிற்காலம்

எவன்ஸ் 1890 இல் படைப்பணியிலிருந்து ஓய்வுபெற்று வேல்ஸின் பாங்கர் நகரில் குடியேறினார். அங்குள்ள பல்கலைக்கழகக் கல்லூரியில் கால்நடை நலவியல் பற்றி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் விரிவுரையாற்றினார். தமது கண்டுபிடிப்புக்கு 37 ஆண்டுகள் கழித்து, 1917 இல், லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் மேரி கிங்ஸ்லி பதக்கத்தைப் பெற்றார். அடுத்த ஆண்டில் அவருக்கு ஜான் ஹென்றி ஸ்டீல் நினைவுப் பதக்கம் வழங்கப்பட்டது. அவரது உயிரிக்குப் பெயர் சூட்டிய அதே ஸ்டீலின் நினைவாக அமைந்த பதக்கம் அது. எவன்ஸ் தமது நூறாவது பிறந்தநாளைக் கண்டபின் நான்கு மாதங்களில், 1935 டிசம்பர் 7 அன்று காலமானார்.