மழையில் நின்று கோப்பை வாங்கிய பாப்வா

கோல்ப் எனப்படும் குழிப்பந்து, கெடா தோட்டங்களில் ஒரு காலத்தில் துரைமார்களின் விளையாட்டு. ரப்பர் காட்டில் உழைத்தவர்களுக்கு அந்தப் பச்சைத் திடல் தூரத்தில் தெரியும் காட்சி மட்டுமே. அதே போன்ற பின்னணியில் தென்னாப்பிரிக்காவில் பிறந்து, துரைமார்களின் திடலிலேயே அவர்களை வென்று காட்டியவர் சியூசங்கர் சியூகோலம். பாப்வா என்ற செல்லப் பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது.

1860இல் சென்னையிலிருந்து முதல் கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதன் பின் ஆயிரக்கணக்கான இந்தியர்கள் கரும்புத் தோட்டங்களுக்குச் சஞ்சிக்கூலிகளாகப் போனார்கள். தமிழர்களும் வடஇந்தியர்களும் கலந்து வாழ்ந்த அந்தச் சமூகத்தில்தான் பாப்வா பிறந்தார். வீட்டில் வறுமை. தாயாருக்குக் கண் பார்வை இல்லை. பள்ளிப் படிப்பு அமையவில்லை. மரக்கிளையை மட்டையாக்கி அடித்துப் பழகிய சிறுவன், பிறகு வெள்ளையர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் கேடி வேலைக்குப் போனார்.

சொல்லிக் கொடுக்க ஆளில்லாததால், வலது கையால் ஆடுவோர் எல்லோரும் இடது கையை மேலே வைத்து மட்டையைப் பிடிக்க, பாப்வா அதைக் கீழே வைத்துப் பிடித்தார். பயிற்சியாளர்கள் தவறு என்று ஒதுக்கும் அந்தப் பிடியே அவரின் அடையாளமானது.

அவர் கேடியாகப் பணியாற்றிய கிரகாம் வுல்ப் என்ற தொழிலதிபர், அவரின் திறமையை அறிந்து 1959இல் ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார். அவ்வாண்டே டச்சு பொதுப் போட்டியில் பாப்வா வாகை சூடினார். 1960இலும் 1964இலும் மீண்டும் அதே பட்டம். 1963ஆம் ஆண்டு பிரிட்டிஷ் பொதுப் போட்டியில், உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களுக்கு நடுவே 13ஆம் இடத்தைப் பகிர்ந்து கொண்டார்.

ஐரோப்பாவில் கிடைத்த மரியாதை சொந்த ஊரில் கிடைக்கவில்லை. 1963 தொடக்கத்தில் டர்பனில் நடந்த நேட்டால் பொதுப் போட்டியில் நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளை ஆட்டக்காரர்களை முந்தி முதலிடம் பெற்றார். ஆனால் நிறவெறிச் சட்டப்படி மன்றக் கட்டடத்துக்குள் அவர் கால் வைக்கக் கூடாது. தோற்றவர்கள் உள்ளே கூரையின் கீழ் இருக்க, வென்றவர் வெளியே கொட்டும் மழையில் நின்று கோப்பையை வாங்கினார். அந்தப் புகைப்படம் உலகெங்கும் பரவி, தென்னாப்பிரிக்க அரசைத் தலைகுனிய வைத்தது.

1965இல் அதே போட்டியில் உலக வெற்றியாளர் கேரி பிளேயரையே தோற்கடித்தார். அதன் பின் அரசு பொறுக்கவில்லை. வெள்ளையர் பங்கேற்கும் போட்டிகளில் ஆடத் தடை விதித்தது; கடப்பிதழையும் பறித்தது. உள்நாட்டிலும் ஆட முடியாமல், வெளிநாட்டுக்கும் போக முடியாமல், ஆட்டத்தின் உச்சத்தில் இருந்தவர் முடக்கப்பட்டார். வருமானம் இன்றி நலிந்த பாப்வா, 1978இல் ஐம்பது வயதை எட்டுமுன்பே மாரடைப்பால் காலமானார்.

நிறவெறி ஆட்சி வீழ்ந்த பிறகு, தென்னாப்பிரிக்க அரசு அவருக்கு இகமங்கா தேசிய விருதை வழங்கியது. டர்பனில் ஒரு கோல்ப் திடல் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதைப் பார்க்கத்தான் அவர் இல்லை.

இன்று சுங்கைப்பட்டாணியிலும் பீடோங்கிலும் நம் பிள்ளைகள் கோல்ப் திடலுக்குள் தடையின்றி நுழையலாம். அந்த வாசல் மூடிக் கிடந்த காலத்திலும் மட்டையைக் கீழே போடாதவர் பாப்வா என்பதை அவர்களுக்குச் சொல்லி வைப்பது நல்லது.