சிட்டுக்குருவியிடம் பாடம் படித்த டாக்டர்

 

போன வருஷம் மங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன எங்க மாமா குளிர் காய்ச்சலோட திரும்பி வந்தார். மூணு கம்பளி போர்த்தியும் நடுக்கம் நிக்கல. விரலில் ஊசி குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவிப் பார்த்தாங்க. மலேரியா! மாத்திரை சாப்பிட்டுக் குணமாயிட்டார். அது கொசுவால் வருவது என்று இன்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1895-இல் அதை யாரும் நிரூபித்திருக்கவில்லை. நிரூபித்தவர் சர் ரொனால்ட் ராஸ்.

அவர் 1857 மே 13-இல் நம் நாட்டின் அல்மோராவில் பிறந்தார். அப்பா ராணுவ அதிகாரி. ராசுக்குக் கவிதை எழுதத்தான் ஆசை. அப்பாவின் கட்டாயத்தால் டாக்டருக்குப் படித்து, 1881-இல் சென்னை மாகாணத்தில் வேலைக்கு வந்தார். 1883-இல், நமக்குப் பக்கத்திலுள்ள பெங்களூரில் இருந்தபோது, வீட்டு வாசல் தொட்டித் தண்ணீரில் கொசுப்புழு நெளிவதைப் பார்த்தார். தொட்டியைக் கவிழ்த்தார். கொசு குறைந்தது!

மலேரியா நோயாளியின் ரத்தத்தில் ஒட்டுண்ணி இருப்பதை லவரான் என்ற பிரெஞ்சு டாக்டர் 1880-இல் கண்டிருந்தார். அது உடம்புக்குள் எப்படிப் போகிறது என்பதுதான் புதிர். செகந்திராபாத்தில் ராஸ் கொசுக்களைப் பிளந்து பிளந்து பார்த்தார். விசிறினால் கொசு பறந்துவிடும் என்று வெயிலில் விசிறி இல்லாமலே உட்கார்ந்தார். வியர்வையில் மைக்ராஸ்கோப்பின் திருகாணி துருப்பிடித்தது. நீலகிரியின் சீகூருக்குப் போனபோது அவருக்கே மலேரியா வந்தது. ஆனாலும் விடவில்லை. உசேன்கான் என்ற நோயாளி, காசு வாங்கிக்கொண்டு கொசுக்கடிக்குச் சம்மதித்தார். 1897 ஆகஸ்ட் 20-இல், அவரைக் கடித்த அனோபிலஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் அந்த ஒட்டுண்ணி தெரிந்தது.

அப்புறம் மாற்றல் உத்தரவு வந்து வேலை நின்றது. 1898-இல் கல்கத்தா போனார். அங்கே பிளேக் பயத்தில் இருந்த ஜனங்கள் ஊசி குத்த விடவில்லை. அதனால் பறவைகள் பக்கம் திரும்பினார். சிட்டுக்குருவிக்கும் வானம்பாடிக்கும்கூட மலேரியா உண்டு பாருங்க! நோயுள்ள குருவியைக் கடித்த கொசுவின் வயிற்றில் ஒட்டுண்ணி வளர்ந்து, பின்பு எச்சில் சுரப்பிக்குப் போவதைக் கண்டார். அந்தக் கொசு கடித்த நல்ல குருவிகளுக்கும் நோய் வந்தது. புதிர் அவிழ்ந்தது. மனிதனுக்கும் இதே வழிதான் என்று அதே ஆண்டில் இத்தாலியின் கிராஸியும் அவருடன் இருந்தவர்களும் காட்டினார்கள். ராசுக்கு 1902-இல் நோபல் பரிசு கிடைத்தது. 1932-இல் மறைந்தார்.

குருவியின் மலேரியா நமக்கு வராது. ஆனால் மலேசியக் காட்டுக் குரங்குகளின் ஒருவகை மலேரியா, கொசு மூலம் மனிதருக்கும் வருகிறது. அதனால் காட்டு உயிர்களின் நோய் நமக்கெதுக்கு என்று இருந்துவிட முடியாது.

நம்ம ஊரில் தண்ணி பிடிச்சு வைக்காம இருக்க முடியாது. ஆனா மூடி வைக்கலாம். வாரம் ஒருநாள் தொட்டியைத் தேய்த்துக் காயவிடலாம். மலேரியாக் கொசு சாக்கடையைவிட நல்ல தண்ணீரில்தான் அதிகம் முட்டையிடும். மாமா வந்ததிலிருந்து எங்க வீட்டுத் தொட்டிக்கு நான்தான் பொறுப்பு. உங்க வீட்டில் யார்?

– ஒன்பதாம் வகுப்பு மாணவி