குணங்குடி மஸ்தான் சாகிபு: கல்முனைக் கரையில் இன்னும் பாடப்படும் நாடோடி

கல்முனைக்குடியில் கடலைப் பார்த்தபடி இருக்கிறது கடற்கரைப்பள்ளி. நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக ஒவ்வொரு வருடமும் ஜமாதுல் ஆகிர் மாதத்தில் இங்கு கொடியேற்றப்படுகிறது. 12 நாட்கள் நடக்கும் இந்த விழாவுக்குப் பக்கீர் பாவாமார் வருவார்கள். கையில் றபான், தோளில் ஒரு துணிப்பை. இரவுத் தொழுகை முடிந்ததும் வட்டமாக அமர்ந்து பாடத் தொடங்குவார்கள்.

அவர்கள் வாயில் வழங்கும் பாடல்களில் குணங்குடி மஸ்தான் சாகிபுவின் பாடல்களுக்குத் தனி இடம் உண்டு. அவர் மறைந்து 180 வருடங்களுக்கு மேலாகிறது. அவரது பெயரைக் கேள்விப்பட்டவர்கள் எங்கள் பக்கத்தில் பலர் இருக்கிறார்கள். அவர் எப்படி வாழ்ந்தார் என்பதை அறிந்தவர்கள் குறைவு.

1792 ஆம் ஆண்டு, இராமநாதபுரம் சீமையில் தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் அவர் பிறந்தார். இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். தொண்டி ஒரு பழைய துறைமுகம். பாக்குநீரிணையைக் கடந்தால் எங்கள் நாடு. அவர் பிறந்த காலம் அமைதியான காலமல்ல. 1801 இல் மருது சகோதரர்களைக் கிழக்கிந்தியக் கம்பெனி தூக்கிலிட்டபோது அவருக்கு வயது 9. போரில் தோற்ற ஒரு மண்ணில்தான் அவருடைய பிள்ளைப் பருவம் கழிந்தது.

மார்க்கக் கல்விக்காகக் கீழக்கரைக்குச் சென்ற அவர், தைக்கா சாகிபு என்று அழைக்கப்பட்ட அறிஞரிடம் பாடம் கேட்டார். அரபும் தமிழும் ஒருசேரக் கைவந்தன. வீட்டில் மாமன் மகளைப் பேசி வைத்திருந்தார்கள். அவர் அந்தத் திருமணத்துக்கு இணங்கவில்லை. 17 வயதில் வீட்டை விட்டுப் புறப்பட்டார். பிறகு குடும்ப வாழ்க்கைக்குத் திரும்பவேயில்லை. அந்தப் பெண்ணின் பக்கத்துக் கதையை யாரும் எழுதி வைக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

திருச்சிராப்பள்ளியில் மௌலவி ஷாம் சாகிபிடம் தீட்சை பெற்று காதிரிய்யா வழியில் இணைந்தார். மதுரைக்கு அருகே திருப்பரங்குன்றத்தில் சிக்கந்தர் மலையில் 40 நாட்கள் தனித்திருந்தார். அதன் பின் வருடக்கணக்கில் காடும் மலையும் ஊருமாக அலைந்தார். குப்பைமேட்டிலும் படுத்தார், கிடைத்ததை உண்டார். மஸ்தான் என்ற பட்டம் அப்படி வந்தது. இறைக்காதலில் மயங்கியவர் என்று அதற்குப் பொருள். சிலர் ஞானி என்றார்கள், சிலர் பைத்தியம் என்றார்கள்.

கடைசியாக அவர் தங்கிய இடம் வடசென்னையின் இராயபுரம். அப்போது அது ஆள் நடமாட்டம் குறைந்த தோப்பும் புதருமான பகுதி. தொண்டியிலிருந்து வந்தவர் என்பதால் மக்கள் அவரைத் தொண்டியார் என்று அழைத்தார்கள். தொண்டியார்பேட்டைதான் இன்றைய தண்டையார்பேட்டை என்று சொல்வது வழக்கம். 1838 இல் அங்கேயே காலமானார். வாழ்ந்தது ஏறத்தாழ 46 வருடங்கள். அடக்கத்தலமும் அங்கேதான் இருக்கிறது.

அவரைத் தேடி வந்தவர்களில் முஸ்லிம்களும் இந்துக்களும் இருந்தார்கள். அவரது சீடர்களில் ஒருவர் ஐயாசாமி முதலியார். திருத்தணிகை சரவணப்பெருமாளையர் அவர் மீது நான்மணிமாலை பாடினார். பிற்காலத்தில் அவருடைய பாடல்களுக்கு உரை எழுதியவர் மா. வடிவேலு முதலியார். ஒரு முஸ்லிம் பக்கீரின் பாடல்களை ஏட்டிலும் அச்சிலும் காப்பாற்றியதில் இரு சமூகத்தாருக்கும் பங்குண்டு.

அகத்தீசன் சதகம், முகியித்தீன் சதகம், ஆனந்தக் களிப்பு, பராபரக்கண்ணி, மனோன்மணிக்கண்ணி என அவரது பாடல்கள் பலவகை. பக்தாதில் அடங்கியுள்ள முகியித்தீன் ஆண்டகையைக் குருவாக அழைப்பார். அடுத்த இடத்தில் இறைவனையே மனோன்மணி என்னும் பெண்ணாக்கிக் காதல் சொல்லுவார். சித்தர்களின் சொல்லும் அரபுச் சொல்லும் அருகருகே வரும். தாயுமானவரைப் படித்தவர்களுக்குப் பராபரக்கண்ணி அந்நியமாகத் தெரியாது.

கண்ணி என்பது இரண்டடிப் பாட்டு. ஒருவர் இரண்டு அடியைப் பாட, மற்றவர்கள் முடிவுச் சொல்லைப் பிடித்துக் கொள்ளலாம். எந்தக் கண்ணியையும் எங்கும் தொடங்கலாம், மறந்ததை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் மனனம் செய்யலாம். வாத்தியமாக ஒரு றபான் போதும். ஊர் ஊராகப் போகும் பாடகனுக்கு இதைவிட வசதியான வடிவம் இல்லை. கடல் கடந்து வியாபாரிகளோடும் பாவாமாரோடும் அந்தப் பாடல்கள் இங்கு வந்ததில் வியப்பில்லை.

மேற்கு நாடுகளில் கிற்றாரோடு ஊர் ஊராகச் சென்று தன் பாட்டைத் தானே எழுதிப் பாடுபவர்களை இன்று கொண்டாடுகிறார்கள். அமெரிக்காவில் புழுதிப் புயலால் ஊரிழந்த விவசாயிகளோடு அலைந்து பாடிய வூடி கத்ரி 1967 இல் மறைந்தார். அவரைக் குருவாகக் கொண்ட பொப் டிலனுக்கு 2016 இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. எங்கள் கரையில் அதே வேலையைச் செய்தவர்களுக்கு ஒரு தேநீரும் சில்லறையும் கிடைத்தன. நோன்பு காலத்தில் சஹருக்கு றபான் தட்டி ஊரை எழுப்பியதும் அவர்கள்தான்.

நான் பாண்டிருப்பைச் சேர்ந்த தமிழன். நேர்த்தி வைத்துக் கடற்கரைப்பள்ளிக்குப் போகும் வழக்கம் என் அம்மம்மாவுக்கு இருந்தது. அது 1990 உடன் நின்றுபோனது. அந்த வருடம் ஆகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். 12 ஆம் திகதி வீரமுனைக் கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். மச்சான் என்று அழைத்தவர்கள் ஒருவர் தெருவில் மற்றவர் நடக்கப் பயந்தார்கள். 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தபோது இனம் பார்க்கவில்லை. இலங்கையில் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்தான். அதன் பிறகும் பிரதேச செயலக எல்லைக்காக நாங்கள் சண்டை பிடித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

யுத்தம் முடிந்து சில வருடங்களின் பின், ஒரு கொடியேற்ற இரவில் நான் அங்கு போனேன். வயதான பாவா ஒருவர் பாடிக்கொண்டிருந்தார். பராபரம் என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. தேவாரம் கேட்டு வளர்ந்த எனக்கு அது பழகிய சொல். பாட்டு முடிந்ததும் இது யாருடையது என்று கேட்டேன். குணங்குடியப்பாவுடையது என்றார். எந்த ஊர் தம்பி என்று விசாரித்தார். சொன்னேன். பக்கத்தில் இடம் விட்டு உட்காரச் சொன்னார். வேறு எதுவும் நாங்கள் பேசவில்லை.

இந்தப் பாட்டுகளுக்கு இப்போது வேறு நெருக்கடி. தர்ஹாவும் கந்தூரியும் மார்க்கத்தில் உள்ளவையா என்ற விவாதம் முஸ்லிம் சமூகத்துக்குள் பல வருடங்களாக நடக்கிறது. அதைத் தீர்ப்பது அவர்களது உரிமை. ஆனால் பாட்டு தமிழ் பேசும் எல்லோருக்கும் பொதுச்சொத்து. பாவாமாரின் பிள்ளைகள் முச்சக்கரவண்டி ஓட்டுகிறார்கள், வெளிநாட்டில் வேலை செய்கிறார்கள். றபானை எடுப்பவர்கள் குறைந்துவிட்டார்கள்.

குணங்குடியாரின் பாடல்கள் புத்தகமாக இருக்கின்றன. அவற்றை இந்தக் கரையில் பாடும் மெட்டும் தாளமும் புத்தகத்தில் இல்லை. அவை சில முதியவர்களின் தொண்டையிலும் விரல்களிலும் மட்டுமே இருக்கின்றன. கையில் தொலைபேசி வைத்திருக்கும் எங்கள் இளைஞர்கள், தமிழரானாலும் முஸ்லிமானாலும், அடுத்த கொடியேற்றத்துக்குப் போய் அவர்களிடம் அனுமதி கேட்டு ஒலிப்பதிவு செய்தால் அதுவே பெரிய காரியம்.