ஆப்பிளும் ஏசியும்

குட்டீஸ், அக்னி நட்சத்திர நாட்களில் திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் வெறுங்காலை வைக்க முடியாது. அவ்வளவு வெயில்! இங்கும் பல வீடுகளில் 'ஏசி' வந்துவிட்டது. அதை உருவாக்கியவர் யார் தெரியுமா? வில்லிஸ் கேரியர்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், 1876ல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சிறுவயதில் பின்னக் கணக்கு அவருக்குப் புரியவே இல்லை. அம்மா ஆப்பிள்களைப் பாதி, கால், அரைக்கால் என நறுக்கிக் காட்டினார். கணக்கு பிடிபட்டது!

படித்துப் பொறியாளர் ஆனார். 1902ல் புரூக்ளின் அச்சகம் ஒன்றில் பெரும் சிக்கல். காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்தது, சுருங்கியது. வண்ணங்கள் விலகிப் படங்கள் பாழாயின. கேரியர், குளிர்ந்த குழாய்ச் சுருள்கள் மீது காற்றைச் செலுத்தினார். ஈரம் நீராகப் படிந்து நீங்கியது, காற்றும் குளிர்ந்தது. ஆம், அவரது முதல் ஏசி மனிதருக்கு அல்ல, காகிதத்துக்கு!

1915ல் ஆறு நண்பர்களுடன் நிறுவனம் தொடங்கினார். 1925ல் நியூயார்க் ரிவோலி தியேட்டரைக் குளிர வைத்தார். விசிறியோடு வந்த ரசிகர்கள் அதைக் கீழே வைத்துவிட்டுப் படம் பார்த்தனர். 1950ல் கேரியர் மறைந்தார்.

ஏசி, அறையின் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. அதற்கு மின்சாரம் நிறைய வேண்டும். ஒரே அளவுள்ள ஏசிகளில், நட்சத்திரம் அதிகமானால் மின்செலவு குறைவு, விலைதான் கூடுதல். ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்பது லேபிளில் இருக்கும். கூடுதல் விலை எத்தனை ஆண்டில் மிச்சமாகும்? வீட்டில் ஏசி வாங்கும்போது, கேரியர் போல நீங்களே கணக்குப் போட்டு அப்பா, அம்மாவிடம் சொல்லுங்கள்!